வாரந்தோறும் புகை வேண்டாம்: நகராட்சி ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

நகராட்சி ஆணையர் அவர்களுக்கும், நகர்நல அலுவலர் அவர்களுக்கும், நகர்மன்ற உறுப்பினர்களுக்கும்,

ஆடி மாதத்திலிருந்து எல்லா வார்டுகளிலும் வாரம் ஒருமுறை கொசுப் புகை மருந்து அடிக்கப்போவதாக அறிவிப்பு ஒட்டியிருக்கிறீர்கள். தெருவோரப் புதர்களையும் காலிமனைகளில் முளைத்த பூண்டுகளையும் களைக்கொல்லி தெளித்து அழிக்கப்போவதாகவும் அதிலேயே எழுதியிருக்கிறது. இந்தக் கோடை முழுக்க என் கொல்லையில் நடந்ததைப் பார்த்த பிறகு இந்த முடிவை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அலுவலகத்தில் மனு கொடுத்துப் பார்த்தாயிற்று. "வெயில்தாம்மா காரணம்" என்ற பதிலோடு அது முடிந்துவிட்டது. அதனால் எல்லோரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடு காவிரிக்கரை ஊர்களில் இருக்கும் பழைய நீள வீடு. பின்னால் கொல்லை. அங்கே பீர்க்கை, புடலை, சுரை மூன்றுக்கும் பந்தல் உண்டு. தரையில் கத்தரி, வெண்டை. ஓரத்தில் முருங்கை, எலுமிச்சை, கறிவேப்பிலை, இரண்டு தென்னை. தெருப்பக்கத்துச் செங்கல் சுவரின் வெடிப்பில் கொசுத்தேனீக் கூடு ஒன்று வருஷக்கணக்காக இருந்தது. எந்த விதையை எப்போது போட்டேன், எப்போது பூத்தது, பூவுக்கு என்னென்ன வந்தது என்று நோட்டில் குறித்து வைப்பது என் பழக்கம். நான் விஞ்ஞானி இல்லை. ஆனால் ஒரே பந்தலை வருஷா வருஷம் பார்ப்பவளுக்கு வித்தியாசம் தெரியும்.

பீர்க்கம்பூ காலையில் விரிகிற பூ இல்லை. வெயில் தாழ்ந்து, நாலரை ஐந்து மணிக்கு மேல்தான் அந்த மஞ்சள் இதழ்கள் பிரியத் தொடங்கும். அரை மணி நேரத்தில் பந்தல் முழுக்க மஞ்சளாகிவிடும். பூ விரியும்போதே கொசுத்தேனீக்கள் வந்து உட்காரும். எள்ளைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்பு உடம்பு, பின்னங்கால் இரண்டிலும் மகரந்த உருண்டை. பின்னாலேயே பொந்துத் தேனீ வரும். உடம்பெல்லாம் மகரந்தத்தைப் பூசிக்கொண்டு பூவுக்குப் பூ தாவும் கருவண்டும் வரும். இருட்டத் தொடங்கியதும் புடலம்பூ விரியும், ஓரமெல்லாம் நூல் நூலாகப் பிரிந்த வெள்ளைப் பூ. சுரைப்பூவும் அந்தியில் விரிவதுதான். அவற்றுக்கு வருவது பெரிய அந்துப்பூச்சிகள். உட்காராமல் அந்தரத்தில் நின்றபடியே நீண்ட உறிஞ்சுகுழலைப் பூவுக்குள் விட்டுத் தேன் குடிக்கும். இந்தக் கொடிகளில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. பெண்பூவின் அடியில் விரல் நுனி அளவு பிஞ்சு பூக்கும்போதே இருக்கும். யாராவது ஆண்பூவிலிருந்து மகரந்தம் கொண்டுவந்து சேர்த்தால்தான் அந்தப் பிஞ்சு காயாகும். இல்லையென்றால் இரண்டு மூன்று நாளில் மஞ்சளாகி வெம்பி விழுந்துவிடும்.

உங்கள் புகை வண்டி எங்கள் தெருவுக்கு வருகிற நேரமும் இதே அந்திதான்.

எங்கள் தெருவில் மாசிக் கடைசியிலேயே புகை அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். வாரம் ஒருமுறை, சில வாரம் இரண்டு முறை. முன்கூட்டி யாரும் சொல்லவில்லை. மிஷின் சத்தம் தெருமுனையில் கேட்டதும் எல்லோரும் அவசர அவசரமாகக் கதவையும் ஜன்னலையும் சாத்துகிறோம். சின்னப் பிள்ளைகள் புகைக்குள் ஓடி விளையாடுகின்றன. டீசலில் கலந்த பூச்சிக்கொல்லியைச் சூடாக்கிப் புகையாக ஊதுகிறார்கள். அது மதிலைத் தாண்டி வந்து பந்தல் மேல் படிகிறது. பங்குனியில் ஒரு நாள் காலை கொல்லையைப் பெருக்கப் போனபோது பந்தலுக்குக் கீழே சிமெண்டுத் தரையில் தேனீக்கள் மல்லாந்து கிடந்தன. சில இன்னும் காலை உதறிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே சாம்பல் நிற அந்துப்பூச்சி ஒன்று சிறகு விரித்தபடி செத்துக் கிடந்தது. எறும்புகள் இழுக்கத் தொடங்கியிருந்தன. அதற்குப் பிறகு ஒவ்வொரு புகைக்கும் மறுநாள் காலை தரையைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. சித்திரை முடிவதற்குள் தரையில் செத்துக் கிடப்பதும் குறைந்துவிட்டது. சாவதற்கு அங்கே ஒன்றும் மிச்சம் இல்லை.

சுவரிலிருந்த கொசுத்தேனீக் கூட்டின் வாசல் மெழுகால் ஆன ஒரு சின்னக் குழாய். அதன் வாயில் காவலுக்கு எப்போதும் தேனீக்கள் தலையை நீட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சுவர் தெருவைப் பார்த்தது. புகை நேராக அதன் மேல்தான் அடிக்கும். வைகாசியில் குழாய் மட்டும் இருந்தது, தலைகள் இல்லை. இப்போது குழாயும் உதிர்ந்துவிட்டது.

வெயில்தான் காரணம் என்று உங்கள் அலுவலகத்தில் சொன்னதற்கு என் பதில் இது. வெயில் கூடினால் இந்தக் கொடிகளில் ஆண்பூ அதிகமாகவும் பெண்பூ குறைவாகவும் வரும் என்பது எனக்கும் தெரியும். என் பந்தலில் நடந்தது அதுவல்ல. பெண்பூ வந்தது, பிஞ்சும் இருந்தது, எல்லாம் வெம்பி விழுந்தன. பிறகு ஆண்பூவைப் பறித்து, இதழ்களைக் கிள்ளிவிட்டு, பெண்பூவின் நடுவில் நானே தடவிவிட ஆரம்பித்தேன். தடவிய பூக்களில் பெரும்பாலானவை காய்த்தன, தடவாத பூக்கள் விழுந்தன. ஒரே கொடி, ஒரே தண்ணீர், ஒரே அக்னி நட்சத்திர வெயில். நகராட்சி எல்லை தாண்டி அடுத்த கிராமத்தில் இருக்கும் என் நாத்தனார் வீட்டிலும் நான் கொடுத்த விதைதான் போட்டார்கள். அங்கே புகை வண்டி போவதில்லை. பந்தலில் கை வைக்காமலே காய் தொங்கியது, எங்கள் வீட்டுக்கும் கொடுத்தனுப்பினார்கள். கிராமத்தையும் நகரத்தையும் ஒப்பிடலாமா என்று கேட்பீர்கள். சரி, நகரத்துக்குள் வீடுகள் நெருங்கிவிட்டன, குளங்கள் சுருங்கிவிட்டன, மரம் போய்விட்டது, எல்லாம் உண்மைதான். பூச்சிகள் குறைந்ததற்கு முழுப் பழியையும் உங்கள் வண்டி மேல் போடவில்லை. ஆனால் போன கோடைக்கும் இந்தக் கோடைக்கும் நடுவில் எங்கள் தெருவில் புதிதாக வந்தது அந்த வண்டி ஒன்றுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எல்லாப் பூச்சிகளும் குறையவில்லை. தேனீ, கருவண்டு, தட்டான், பொறிவண்டு, வண்ணத்துப்பூச்சி இவை குறைந்தன. கறிவேப்பிலையில் எப்போதும் இருக்கும் பச்சைப் புழுக்கள் கூட இந்த வருஷம் இல்லை. கூடியது வெள்ளை ஈ. தென்னை ஓலையின் அடிப்பக்கம் முழுக்கச் சுருள் சுருளாக அதன் முட்டை, கீழ் ஓலையெல்லாம் பிசுபிசுப்பு, அதன் மேல் கறுப்பாகப் பூஞ்சாணம். செம்பருத்தியிலும் கொய்யாவிலும் மாவுப்பூச்சி. கொசுவோ அப்படியே இருக்கிறது. புகை அடித்த அன்றைக்கும் மறுநாளும் கொஞ்சம் குறையும், அப்புறம் பழையபடிதான். கொசுவத்தி இல்லாமல் எங்கள் தெருவில் யாரும் தூங்குவதில்லை.

இது ஏன் இப்படி ஆகிறது என்பது வேளாண்மைத் துறையினருக்கு நன்றாகத் தெரியும். அவர்களைக் கேட்டுப் பாருங்கள். 2008இல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்தபோது விவசாயிகள் மருந்து மேல் மருந்து அடித்தார்கள். பப்பாளியோடு மல்பெரி, மரவள்ளி, கொய்யா என்று எல்லாவற்றையும் அது பிடித்துக்கொண்டது. கடைசியில் அதை அடக்கியது மருந்து இல்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்து வளர்த்து விடப்பட்ட, மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவி. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவுக்குச் சின்னது. 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் சுருள் வெள்ளை ஈ வந்தபோதும் அதே கதைதான். ஒட்டுண்ணிக் குளவியைக் காப்பாற்றுங்கள், பூச்சிக்கொல்லி அடிக்காதீர்கள், மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள், தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள் என்றுதான் தென்னை விவசாயிகளுக்குச் சொன்னார்கள். விவசாயியிடம் அடிக்காதே என்று ஒரு துறை சொல்கிறது. அதே தென்னைகளின் மேல் இன்னொரு துறை வாரந்தோறும் புகை அடிக்கிறது. வெள்ளை ஈ ஓலைக்கு அடியில் மெழுகுக்குள் ஒளிந்து தப்பிக்கும். அதைத் தின்னும் பொறிவண்டும் குளவியும் வெளியில் பறந்து திரிபவை, அவைதான் முதலில் மாட்டும். தோட்டக்கலைத் துறை எங்கள் தெருவிலேயே பல வீடுகளுக்கு மானியத்தில் மாடித்தோட்டத் தளைகள், அதாவது செடி வளர்க்கும் பைகள் அடங்கிய தொகுப்புகள், கொடுத்தது. அந்தப் பைகளில் வளர்ந்த கொடிகளும் இந்தக் கோடையில் காய்க்காமல் நின்றன.

டெங்குவை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2017இல் தமிழ்நாட்டில் 23,000க்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கு வந்தது, பலர் இறந்தார்கள். அந்த வருஷம் எங்கள் தெருவில் ரத்தத்தில் தட்டணு (பிளேட்லெட்) குறைந்து ஒரு பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்ததை நான் மறக்கவில்லை. அதனால்தான் கேட்கிறேன், இந்தப் புகை டெங்குவைத் தடுக்கிறதா?

டெங்கு கொசு பகலில் கடிக்கிறது. வீட்டுக்குள் கட்டிலுக்கு அடியிலும், தொங்கும் துணிகளுக்குப் பின்னாலும், இருட்டு மூலையிலும் உட்கார்ந்திருக்கிறது. புகை வண்டி வரும்போது நாங்கள் ஜன்னலைச் சாத்திவிடுகிறோம். ஆக, கொசு உள்ளே பத்திரமாக இருக்கிறது, புகை தெருவில் போகிறது. அது முட்டையிடுவது வீட்டிலும் வீட்டைச் சுற்றியும் தேங்கும் நல்ல தண்ணீரில். சிமெண்டுத் தொட்டி, மூடாத டிரம், பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு. முட்டையிலிருந்து பறக்கும் கொசு வர ஏழு முதல் பத்து நாள் போதும். பறக்கிற கொசுவைக் கொன்றாலும் புழுவும் முட்டையும் அப்படியே இருக்கும். முட்டை காய்ந்த தொட்டியின் சுவரில் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, தண்ணீர் பட்டதும் பொரியும். ராத்திரி எங்களைக் கடிக்கிற மற்றக் கொசுவோ சாக்கடையில் உற்பத்தியாகிறது. எங்கள் தெருச் சாக்கடை பிளாஸ்டிக் அடைத்து எப்போது பார்த்தாலும் தேங்கி நிற்கிறது. ஒரு வாரத்தில் கொசு திரும்ப உருவாகிவிடும். தட்டானின் குஞ்சு அப்படியில்லை. அது தண்ணீருக்குள் பல வாரம் கிடந்து, அதுவரை கொசுப்புழுவைத் தின்று வளர்ந்து, அப்புறம்தான் சிறகு முளைத்து வெளியே வரும். கருவண்டு ஒரு பருவத்தில் இடுவது சில முட்டைகள்தான். ஒரே மருந்தை எல்லாவற்றின் மேலும் வாரந்தோறும் அடித்தால் சீக்கிரம் மீள்வது கொசு, மீள முடியாமல் போவது கொசுவைத் தின்பவை.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. வெளியில் புகை அடிப்பது நோய் பரவும் அவசர நிலைக்கானது என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் நம் நாட்டின் கொசுவால் பரவும் நோய்த் தடுப்பு வழிகாட்டுதல்களும் சொல்கின்றன. வழக்கமாகச் செய்ய வேண்டியது உற்பத்தி இடங்களை ஒழிப்பது. இந்தக் கோடையில் நம் ஊரில் டெங்கு பரவியதாக நீங்களும் அறிவிக்கவில்லை. பிறகு எதற்கு இந்தப் புகை? கண்ணுக்குத் தெரிகிற வேலை என்பதால்தான் என்று நினைக்கிறேன். சாக்கடை தூர்வாருவதை யாரும் ஜன்னலில் நின்று பார்ப்பதில்லை. புகை வண்டி வந்தால் நகராட்சி ஏதோ செய்கிறது என்று மக்களுக்கும் தோன்றுகிறது. எங்கள் தெருவிலேயே புகை அடிக்கச் சொல்லிக் கேட்டவர்கள் உண்டு. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, கொசுக்கடி அப்படி. அவர்களுக்கு உண்மையை எடுத்துச் சொல்ல வேண்டியது உங்கள் பொறுப்பு.

அந்த மிஷினைத் தோளில் சுமந்து வரும் ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். முகத்தில் ஒரு கைக்குட்டை, காலில் ரப்பர்ச் செருப்பு. கையுறை இல்லை, கண்ணாடி இல்லை. தெரு தெருவாக அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர்கள் அவர்கள்தான். ஒரு தம்பிக்கு நான் தண்ணீர் கொடுத்தபோது, என்ன மருந்து என்று கேட்டேன். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. தான் சுமப்பது என்னவென்று அவருக்கு யாரும் சொல்லவில்லை என்பதை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

அடுத்தது களைக்கொல்லி. புதர் என்று நீங்கள் எழுதியிருப்பது என்னென்ன தெரியுமா? தும்பை, துத்தி, நெருஞ்சி, வெட்டுக்காயப் பூண்டு, ஆவாரை, எருக்கு. வேம்பும் புங்கையும் பூத்து முடித்த பிறகு, கோடையின் கடைசியில் தேனீக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் ஊரில் கிடைப்பது பெரும்பாலும் இந்தப் பூக்கள்தான். எருக்கிலையைத் தின்று வளரும் புழுதான் ஆரஞ்சு நிற வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியாகிறது. நம் மாநிலத்துக்கென்று 2019இல் ஒரு வண்ணத்துப்பூச்சியை அறிவித்திருக்கிறோம், திருச்சிக்குப் பக்கத்தில் திருவரங்கத்தில் அரசே வண்ணத்துப்பூச்சிப் பூங்கா வைத்து நடத்துகிறது. காசு செலவழித்து அங்கே வளர்ப்பதை, காசு செலவழித்து இங்கே ஏன் அழிக்க வேண்டும்? நீங்கள் வாங்கப்போவது கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லியாக இருந்தால் இன்னொன்றும் இருக்கிறது. பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனங்கள் மூலமாக அல்லாமல் வேறு யாரும் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று ஒன்றிய அரசு 2022இலேயே உத்தரவு போட்டிருக்கிறது. முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு யார் வேண்டுமானாலும் தெருவில் அடித்துவிட்டுப் போகிற பொருள் இல்லை அது.

ஒரு கொல்லையில் பார்த்ததை வைத்து ஊருக்கே முடிவு சொல்லலாமா என்று தோன்றலாம். ஜெர்மனியில் கிரெஃபெல்ட் என்ற ஊரைச் சேர்ந்த பூச்சி ஆர்வலர்கள் பல வருஷமாகப் பொறி வைத்துப் பிடித்து எடைபோட்டு வைத்த கணக்கிலிருந்துதான், 27 ஆண்டுகளில் பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை 75 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது என்று 2017இல் உலகத்துக்குத் தெரிந்தது. அதுவும் பாதுகாக்கப்பட்ட பகுதிகளிலேயே. நம் ஊரில் அப்படி யாரும் எண்ணி வைக்கவில்லை. எண்ணாததால் எதுவும் நடக்கவில்லை என்று ஆகிவிடாது. தெருக்கோடியில் பெட்டித் தேனீ வளர்த்தவர் வைகாசியில் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு கிராமத்துக்குப் போய்விட்டார். மாடியில் தோட்டம் போட்ட அக்கா பீர்க்கங்கொடியைப் பிடுங்கிப்போட்டுவிட்டுக் கீரை விதைத்துவிட்டார், கீரைக்குப் பூச்சி தேவையில்லை என்று. அவர்களையும் கூப்பிட்டுக் கேளுங்கள்.

நான் கேட்பவை இவை.

ஆடி முதல் வாரந்தோறும் புகை அடிப்பது என்ற முடிவை உடனே நிறுத்தி வையுங்கள். டெங்கு உறுதியான வீடு இருந்தால் அந்த வீட்டுக்குள்ளும் அதைச் சுற்றியும் வழிகாட்டுதல்படி செய்யுங்கள், அதற்கு நாங்கள் முழுக்க ஒத்துழைப்போம். நேரத்தை மட்டும் காலைக்கு மாற்றிவிடுகிறோம் என்று சொல்லாதீர்கள். விடியற்காலையில் பரங்கிப்பூவும் பாகற்பூவும் விரிந்திருக்கும். நோய் காரணமாக அடித்தே தீர வேண்டும் என்றால் முதல் நாளே வார்டுக்குள் ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். எந்த மருந்து, எவ்வளவு, எந்தத் தெரு என்பதை எழுதி ஒட்டுங்கள். கோயில் நந்தவனம், குளக்கரை, தேனீப் பெட்டி உள்ள இடங்களை விட்டுவிடுங்கள்.

களைக்கொல்லி தெளிக்கும் முடிவைக் கைவிடுங்கள். தெருமுனையில் வண்டி ஓட்டுபவர்களின் பார்வையை மறைக்கும் புதரை ஆள் வைத்து வெட்டினால் போதும்.

அந்தப் பணத்தைச் சாக்கடையில் செலவிடுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் எந்த வார்டில் எந்த வாரம் தூர்வாரப்படும் என்ற பட்டியலை வெளியிடுங்கள். வீடு வீடாக வரும் கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்களின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள், அவர்களுக்குச் சம்பளத்தை நிலுவை இல்லாமல் கொடுங்கள். தேங்கும் தண்ணீரில் கொசுப்புழுவை மட்டும் குறிவைக்கும் பிடிஐ பாக்டீரியா மருந்து இருக்கிறது. புதுச்சேரியில் உள்ள நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் உள்நாட்டிலேயே அதை உருவாக்கியிருக்கிறது. அவர்களிடம் ஆலோசனை கேளுங்கள். எந்த மருந்தைக் கையாளும் தொழிலாளிக்கும் முகக்கவசம், கையுறை, கண்ணாடி கொடுங்கள். அந்த மருந்தின் பெயரையும் ஆபத்தையும் அவர்களுக்கே முதலில் சொல்லுங்கள்.

கடைசியாக, ஆவணிக்குள் ஒரு கூட்டம் நடத்துங்கள். வேளாண் கல்லூரியிலிருந்து ஒரு பூச்சியியல் ஆசிரியரையும் வார்டுக்கு ஒரு வீட்டுத்தோட்டக்காரரையும் அழையுங்கள். சில வார்டுகளில் புகை இல்லாமல் சாக்கடையும் தொட்டியும் மட்டும் சுத்தமாக வைத்துப் பார்ப்போம். கொசுவையும் எண்ணுவோம், தேனீயையும் எண்ணுவோம். எண்ணும் வேலையை நானும் என் தெருப் பெண்களும் செய்கிறோம், சம்பளம் வேண்டாம். ஆடிப்பட்டம் தேடி விதை என்று சொல்லி விதையை ஊன்றிவிட்டோம். புரட்டாசியில் அந்தக் கொடிகள் பூக்கும். அதற்குள் உங்கள் பதில் எழுத்தில் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நகராட்சிக்கு வீட்டு வரி கட்டும் ஒரு கொல்லைத் தோட்டக்காரி